கார் ஓடாத காலத்திலும் பூமி சூடானதே, அது எப்படி?

கேள்வி: நான் அரியலூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. பதினொன்றாம் வகுப்பில் காலநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவன் எழுந்து, வாட்ஸ்அப்பில் வந்த செய்தி ஒன்றை வாசித்துக் காட்டினான். "பனியுகம் வந்தபோதும் போனபோதும் எந்தக் கார் ஓடியது? எல்லாமே எரிமலையும் சூரியனும் செய்கிற வேலை. மனிதன் விடுகிற புகை ஒரு பொருட்டே இல்லை" என்பது அதன் சாரம். "நம்ம ஊரே ஒரு காலத்துல கடலா இருந்துச்சுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? அதுக்கு யாரு காரணம்?" என்று அவனே இன்னொன்றும் கேட்டான். என்னால் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இயற்கைக் காரணங்கள் என்னென்ன? இன்றைய வெப்பத்துக்கு அவை காரணமில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? அந்த மாணவனுக்கு ஜியாலஜி படிக்க ஆசை. எங்கே படிக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவனை அதட்டி உட்கார வைக்காமல், கேள்வியை இவ்வளவு தூரம் எடுத்து வந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி. பையன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தச் செய்தியிலும் பாதி உண்மை இருக்கிறது. மனிதன் பிறப்பதற்கு முன்பே பூமியின் காலநிலை பலமுறை தலைகீழாக மாறியிருக்கிறது. வடதுருவத்தை ஒட்டிய தீவுகளில் முதலை இனங்கள் வாழ்ந்த காலம் உண்டு. ஒடிசாவில் பனிப்பாறை ஊர்ந்த காலமும் உண்டு. மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் அந்தப் பழைய காலநிலைகளைப் படித்தெடுப்பதுதான் என் வேலை. அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்: "காலநிலை மாறாமல் நன்றாகத்தான் இருந்தது, மனிதன் வந்து கெடுத்துவிட்டான்" என்று மட்டும் வகுப்பில் சொல்லிக்கொடுக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வயலில் ஒரு அம்மோனைட்டை (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரின் புதைபடிவம்) பொறுக்கி எடுக்கிற அன்றைக்கே அந்தப் பாடத்தின் மீது நம்பிக்கை போய்விடும்.

செய்தியில் தவறு இருப்பது மற்றப் பாதியில். அன்று ஒரு காரணம் வேலை செய்தது என்பதால் இன்றும் அதுவேதான் வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. ஒவ்வொரு இயற்கைக் காரணத்துக்கும் தனக்கென்று ஒரு வேகம் உண்டு, ஒரு திசை உண்டு, அது விட்டுச்செல்கிற தடயமும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டால் இன்றைய நிலவரத்தை அவனே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வான்.

உங்கள் ஊர்க் கடலிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெரம்பலூர்ப் பக்கம் காரையில் ஓடை ஓடையாக அரித்துப்போன களிமண் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் களி ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. கல்லங்குறிச்சியில் சிப்பி சிப்பியாக ஒட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லின் வயது சுமார் 7 கோடி ஆண்டு. அங்கே கடல் வந்ததற்குக் காரணம் இரண்டு. முதலாவதற்கும் காலநிலைக்கும் சம்பந்தமில்லை: அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த இந்தியா பிரிந்தபோது கிழக்கு விளிம்பு கிழிந்து தாழ்ந்தது, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. இரண்டாவது காரணம் உலகம் முழுக்கப் பொதுவானது. கிரெடேசியஸ் என்கிற அந்தக் காலத்தில் கண்டங்கள் விலகும் இடங்களிலெல்லாம் கடலடியில் புது எரிமலைப் பாறை வேகமாக உருவாகிக்கொண்டிருந்தது. சூடான புதுப் பாறை உப்பி நிற்கும். அது மேலெழுந்த அளவுக்குக் கடல்நீர் கரையேறும். அந்த எரிமலைகள் விட்ட கரியமில வாயு பூமியைச் சூடாகவும் வைத்திருந்தது. துருவங்களில் இன்றுள்ளதுபோல் பெரும் பனிப்படலம் கிடையாது. உலகக் கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. ஆகவே "அப்போது யார் காரணம்?" என்று அவன் மறுபடி கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: கடல் புகுந்ததற்குக் கண்டங்களும் கடலடியும் நகர்ந்தது காரணம், பூமி சூடாக இருந்ததற்குப் பூமிக்குள்ளிருந்து வந்த கரியமில வாயு காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எரிமலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கின்றன. அப்படியிருந்தும் பூமி ஏன் வெள்ளிக் கோளைப்போல் கொதித்துப்போகவில்லை? மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக இறங்குகிறது. அது கருங்கல்லையும் எரிமலைப் பாறையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போகிறது. நத்தையும் சிப்பியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதில் ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை செத்து அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. காற்றில் இருந்த கரி (கார்பன்) இப்படித்தான் கல்லுக்குள் போய் அடைகிறது. பூமி சூடானால் மழை கூடும், பாறை வேகமாகக் கரையும், வாயு குறையும், பூமி ஆறும். குளிர்ந்தால் எல்லாம் மெதுவாகும், எரிமலை விடுகிற வாயு மறுபடி சேரும். கல்லங்குறிச்சிக் கல் மொத்தமும் இந்த வேலையின் விளைச்சல்தான்.

ஆனால் இந்தச் சுழற்சி ஒரு சுற்று வந்து சமநிலைக்குத் திரும்ப லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். அவசரத்துக்கு உதவாது. இதே சுழற்சிதான் பெரிய குளிர்ச்சிக்கும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. இந்தியா ஆசியாவோடு மோத ஆரம்பித்துச் சுமார் 5 கோடி ஆண்டு ஆகிறது. இமயமலை எழுந்து, பருவமழை அதை அரிக்க அரிக்க, புதுப்புதுப் பாறை காற்றுக்கும் மழைக்கும் கிடைத்தது; அது காற்றிலிருந்து நிறைய கரியை இழுத்திருக்க வேண்டும் என்பது மோரின் ரேமோ என்கிற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த கருத்து. இமயம் மட்டும் போதுமா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் கரியமில வாயு படிப்படியாகக் குறைந்ததும், சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் நிலையான பனிப்படலம் அமர்ந்ததும் சந்தேகமில்லாத செய்திகள்.

ஒடிசா என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். தால்ச்சேர் நிலக்கரி வயலின் அடியில் ஒரு விசித்திரமான படுகை இருக்கிறது. நைசான களிமண்ணுக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடக்கின்றன. ஆறு கொண்டுவந்திருந்தால் கல்லும் களியும் அளவுவாரியாகப் பிரிந்திருக்க வேண்டும். இங்கே எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. கல்லைத் துடைத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால், சில கற்களின் தட்டையான முகத்தில் ஒரே திசையில் கீறல் கோடுகள் ஓடும். பனிப்பாறை தன் அடியில் சிக்கிய கல்லைத் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு போனால்தான் அப்படிக் கீறல் விழும். 1856-இல் பிளான்ஃபோர்ட் சகோதரர்கள் இது பனியின் வேலை என்று சொன்னபோது, வெப்ப நாடான இந்தியாவிலா என்று பலருக்கும் நம்பவே முடியவில்லை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்தின் பக்கத்தில், தென் கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஒரு துண்டாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கண்டங்கள் நகர்வதும் காலநிலையை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் இல்லை. அந்தப் பனிப்படுகைக்கு நேர் மேலேதான் இன்று வெட்டியெடுக்கும் நிலக்கரி இருக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அடுத்து, செய்தியில் வந்த பனியுகம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் குழப்பம் அதிகமாக நடப்பது இங்கேதான்.

ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் கிரோல் என்று ஒருவர் இருந்தார். கிளாஸ்கோவில் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில் வாயிற்காப்பாளர் வேலை. வேலை நேரம் போக, அங்கிருந்த நூலகத்தில் உட்கார்ந்து தானாகப் படித்தே பூமியின் சுற்றுப்பாதை மாறுவதற்கும் பனியுகத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1864-இல் கட்டுரை எழுதினார். அதை முழுக் கணக்காக்கியவர் செர்பியரான மிலுட்டின் மிலான்கோவிச். முதல் உலகப் போரில் சிறைப்பட்டு, பிறகு புடாபெஸ்டில் காவலில் இருந்த காலத்திலும் கணக்குப் போடுவதை அவர் விடவில்லை.

மாற்றங்கள் மூன்று. பூமியின் சுற்றுப்பாதை ஏறக்குறைய வட்டமாக இருந்து சற்றே நீள்வட்டமாகி மீள்கிறது; இதற்குச் சுமார் ஒரு லட்சம் ஆண்டு. அச்சின் சாய்வு 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே 41,000 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, இப்போது 23.4, இறங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, அச்சு தலையாட்டுவதால் பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் நாள் பருவங்களினூடே நகர்ந்துகொண்டே போகிறது. இந்தச் சுற்றுக்குச் சுமார் 19,000 முதல் 23,000 ஆண்டு. இப்போது அந்த நாள் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வட அரைக்கோளத்தின் கோடைக்காலத்தில் வந்தது.

இவை எதுவும் ஓராண்டில் பூமிக்கு வரும் மொத்த வெயிலைப் பெரிதாக மாற்றுவதில்லை. எந்தப் பருவத்தில், எந்த அட்சரேகையில் வெயில் விழுகிறது என்பதைத்தான் மாற்றுகின்றன. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் கோடை வெயில் குறைந்தால், குளிர்காலத்தில் விழுந்த பனி முழுதாக உருகாமல் மிஞ்சும். மிஞ்சியது வருடா வருடம் சேரும். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். குளிர் இன்னும் கூடும். ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் ஆகிய மூவரும் 1976-இல் ஆழ்கடல் சேற்றை ஆராய்ந்து, இதே கால இடைவெளிகள் அதில் பதிவாகியிருப்பதைக் காட்டினார்கள். அதன் பிறகு இந்தக் கருத்தில் பெரிய சந்தேகம் எழவில்லை.

சரி, அப்படியானால் கரியமில வாயுவுக்கு என்ன வேலை? அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டுப் பனித்தூண்களை எடுத்திருக்கிறார்கள். பனிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் இருக்கும். பனி இறுகியபோது சிறைப்பட்ட அன்றைய காற்று அது. காற்று நீக்கிய கலத்துக்குள் பனியை நொறுக்கி அந்தக் காற்றை எடுத்து அளக்கிறார்கள். 8 லட்சம் ஆண்டுப் பதிவு கையில் இருக்கிறது. பனியுகங்களில் காற்றின் பத்து லட்சம் பங்கில் 180 பங்கு வரை இறங்குகிறது கரியமில வாயு. இடையில் வரும் வெதுவெதுப்பான காலங்களில் 300 வரை ஏறுகிறது. அந்த 8 லட்சம் ஆண்டிலும் ஒருமுறைகூட 300-ஐத் தெளிவாகத் தாண்டவில்லை.

உங்கள் மாணவனுக்கு வருகிற அடுத்த வாட்ஸ்அப் செய்தி இந்தப் பனித்தூணை வைத்தே வரலாம். "அண்டார்டிகாவில் முதலில் வெப்பம்தான் ஏறியது, கரியமில வாயு பின்னால்தான் ஏறியது" என்பார்கள். பனியுகம் முடியத் தொடங்கிய நேரத்தில் அண்டார்டிகாவில் வெப்பம் சற்று முந்தியது என்பது சரிதான். சுற்றுப்பாதை லேசாகத் தட்டியது. கடல் சூடானதும் அதில் கரைந்திருந்த வாயு வெளியே வந்தது. வந்த வாயு உலகம் முழுவதையும் மேலும் சூடாக்கியது. முட்டையிலிருந்து கோழி வந்தது என்பதற்காக, கோழி முட்டையிடாது என்று யாராவது சொல்வார்களா? சுற்றுப்பாதையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பனியுகத்துக்கும் இன்றைக்கும் இடையிலான 5, 6 டிகிரி வித்தியாசம் வரவே வராது. பனிப்பரப்பையும் கரியமில வாயுவையும் சேர்த்தால்தான் வரும். ஆக, பனியுகத்தை ஆதாரமாகக் காட்டுபவர், தன்னை அறியாமல் அந்த வாயுவின் பலத்துக்கும் சேர்த்தே ஆதாரம் காட்டுகிறார்.

அந்தக் குளிர் நம் பக்கமும் எட்டியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், அவ்வளவு நீர் பனியாக நிலத்தில் உட்கார்ந்திருந்ததால் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை ஆழமே இல்லாதது. அன்று இராமேஸ்வரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம்.

இதைவிட நெருக்கமான சாட்சி நீலகிரியில் இருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்கில், சதுப்பில் செடிகள் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கரிய மண்ணாகியிருக்கின்றன. குழாய்த் துளைப்பானை இறக்கி மேலே இழுத்தால், நீர் சொட்டச் சொட்டக் கறுப்பு மண் வரும். பிசைந்தால் வெண்ணெய்போல் வழுக்கும். நடுநடுவே புல்வேர் நார் தெரியும். மேலே புதியது, கீழே போகப் போகப் பழையது. மரங்களும் அந்தக் குளிர்ந்த மலையின் செடிகொடிகளும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு, வறட்சியைத் தாங்கும் புற்களின் முறை வேறு. அதனால் அவற்றின் உடலில் கரியின் இரண்டு ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்), கார்பன்-12-உம் கார்பன்-13-உம், வெவ்வேறு விகிதத்தில் சேர்கின்றன. கிள்ளி எடுத்த மண்ணில் அந்த விகிதத்தை அளந்தால் அன்று அங்கே புல்வெளி பரந்திருந்ததா, சோலை பரந்திருந்ததா என்று தெரிந்துவிடும். சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் 1993-இல் இதை வெளியிட்டார்கள். பனியுக உச்சத்தில் அங்கே வறண்ட காலத்துப் புல் ஓங்கியிருந்தது, பருவமழை மெலிந்திருந்தது. பனியுகம் முடிந்தபின் மழை வலுத்து ஈரச் செடிகள் பெருகின. சூரியனை நெருங்கும் நாள் வடகோடையில் வந்தது என்றேனே, அந்தக் காலம் இது. அதே சமயத்தில்தான் சஹாராவில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தசிலி மலைப் பாறைகளில் மாட்டு மந்தைகளின் ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. பின்னர் அந்த நாள் நகர்ந்துபோக, மழை தெற்கே பின்வாங்கியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் சஹாரா பாலையாகிவிட்டது. எந்த மனிதத் தவறும் இல்லாமலேயே மக்கள் ஊரைக் காலி செய்யும் அளவுக்குக் காலநிலை மாறியது. இதைப் படிக்கும்போது எனக்கு ஆறுதல் வருவதில்லை, கவலைதான் கூடுகிறது.

எரிமலைக்கு வருவோம். அதற்கு இரண்டு முகம் உண்டு என்பதை மட்டும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும். பெரிய வெடிப்பு ஒன்று கந்தக வாயுவை மேல்வளிமண்டலத்துக்கு வீசினால், அது நுண்துளிகளாகி வெயிலை மறைத்து பூமியைக் குளிர்விக்கும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வரவில்லை. ஜூன் மாதத்தில் பனி விழுந்தது, பயிர் அழிந்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினதூபோ வெடித்தபோது உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கி, இரண்டு மூன்று ஆண்டில் மீண்டது. ஆக, வழக்கமான எரிமலை வெடிப்பால் நடப்பது தற்காலிகக் குளிர்ச்சி.

வெப்பமூட்டும் முகம் வேறு. சைபீரியாவில் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வழிந்தோடிப் பெரும் நிலப்பரப்பை மூடியது. அது போன வழியில் நிலக்கரிப் படுகைகளும் எரிந்தன. கரியமில வாயு ஏறியது, கடல் சூடாகி அமிலமானது, ஆக்சிஜன் குறைந்தது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் அழிந்துபோயின. அதற்குப் பல்லாயிரம் ஆண்டு பிடித்தது. இன்று உலகிலுள்ள எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் கரியமில வாயு, நாம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து விடும் சுமார் 3,700 கோடி டன்னில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. எரிமலைதான் அதிகம் விடுகிறது என்ற வரி முழுப் பொய். அதை மட்டும் தயவுசெய்து அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சூரியன் பற்றிச் சுருக்கமாக. சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அதனால் ஒளி மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். 1645 முதல் 1715 வரை புள்ளிகளே அரிதாக இருந்தன; ஐரோப்பாவின் குளிர்ந்த நூற்றாண்டுகளுக்கு அதுவும் எரிமலைகளும் சேர்ந்து காரணம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை நேராக அளக்கின்றன. ஒளி ஏறவில்லை. பூமி மட்டும் ஏறியிருக்கிறது. இன்னொரு தடயமும் உண்டு: சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடந்திருப்பதோ, கீழ்ப்பகுதி சூடாகி மேலடுக்கு குளிர்ந்திருக்கிறது. வெப்பம் கீழேயே தங்கினால்தான் அப்படி ஆகும். கரியமில வாயு செய்வது அதைத்தான்.

எல் நினோவைக் கேட்பார்கள். பசிபிக் கடலின் மேற்பரப்பு சில ஆண்டுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாவதுதான் அது. 1876-78-இல் பசிபிக் கடலில் வந்த கடுமையான எல் நினோ இங்கே மழையைப் பொய்க்க வைத்தது. சென்னை மாகாணத்தில் அது தாது வருஷப் பஞ்சம். (மழை பொய்த்தது இயற்கை, ஊரே சாகும்போது தானியம் கப்பலேறியது ஆட்சியின் வேலை.) ஆனால் எல் நினோ கடலுக்கும் காற்றுக்கும் இடையே வெப்பத்தை இடம் மாற்றும், அவ்வளவுதான். ஓரிரு ஆண்டில் திரும்பிவிடும். 150 ஆண்டாக ஒரே பக்கம் ஏறிக்கொண்டிருப்பதை அதன் கணக்கில் எழுத முடியாது.

இனி அவனுடைய கடைசிக் கேள்விக்கு வரலாம்: இன்று எது? சுற்றுப்பாதையின் கணக்குப்படி வடகோடை வெயில் பல ஆயிரம் ஆண்டாகக் குறைந்துகொண்டிருக்கிறது. பூமி மெல்ல ஆறிக்கொண்டிருக்க வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன்வரை அப்படித்தான் ஆறியும் வந்தது. 1850-1900 சராசரியோடு ஒப்பிட்டால் 2011-2020 பத்தாண்டு சுமார் 1.1 டிகிரி கூடுதல் சூடு. அதன் பிறகு இன்னும் ஏறியிருக்கிறது. இதில் சூரியனும் எரிமலையும் சேர்ந்து தந்த பங்கு, கூட்டினாலும் கழித்தாலும், டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும் என்கிறது ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை.

அந்தக் கூடுதல் வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கும் நேரடி ஆதாரம் இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்தவை. அவற்றிலிருந்த, காலப்போக்கில் தானாகச் சிதையும் கார்பன்-14 முழுக்கச் சிதைந்து தீர்ந்துவிட்டது. பழைய செடிகளிலிருந்து வந்ததால் கார்பன்-13-உம் குறைவு. காற்றில் வாயு ஏற ஏற, இந்த இரண்டின் விகிதமும் இறங்கி வந்திருக்கிறது (நடுவில் அணுகுண்டுச் சோதனைகளால் கார்பன்-14 மட்டும் சில காலம் ஏறியது). எரிமலை வாயுவாக இருந்தால் கார்பன்-13 இப்படிக் குறையாது. கடலிலிருந்து வந்திருந்தால் கடலில் கரைந்த கரி குறைந்திருக்க வேண்டும். அங்கேயும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

வேகத்தையும் பாருங்கள். பனியுகம் முடிந்தபோது கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 75 பங்கு உயர ஏறக்குறைய 7,000 ஆண்டு ஆனது. ஹவாயின் மவுனா லோவா மலையில் 1958-இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஒரு தாத்தாவின் ஆயுளுக்குள் நூறு பங்குக்கு மேல். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த பிறகு, இயற்கையாகவே கரி பெருமளவில் வெளியேறி 5, 6 டிகிரி சூடான ஒரு காலம் உண்டு. அப்போதுகூட ஓராண்டில் வெளியேறிய கரி இன்று நாம் விடுவதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தச் சூடு தணிய ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது. பாறை கரைந்து கரியை இழுக்கும் வேலைக்கு அவ்வளவு காலம் வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

வகுப்பில் செய்ய ஒன்று சொல்கிறேன். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஒரு துண்டு எடுத்து நொறுக்கி, சோதனைக்குழாயில் போட்டு, வேதியியல் ஆய்வகத்திலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் விடச் சொல்லுங்கள். பொங்கி வரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் செலுத்தினால் பால்போல் வெளுக்கும். 7 கோடி ஆண்டுகளுக்கு முன் சிப்பி தன் ஓட்டில் கட்டிவைத்த கரியமில வாயு அது. அப்புறம் ஒரு கணக்குக் கொடுங்கள்: 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் எவ்வளவு வாயு வரும்? 44 கிலோ. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளில் தினமும் நடப்பது இதுதான், சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை தனி. ஆலையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். ஆகவே குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கட்டும்.

பையனைக் கண்டிப்பாக ஜியாலஜி படிக்கச் சொல்லுங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறை இருக்கிறது. உங்களுக்குத் திருச்சிதான் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் நன்றாகப் படித்திருப்பது உதவும். சேர்க்கை விவரத்தை அந்தந்தக் கல்லூரியில் நேரில் கேட்டுக்கொள்ளட்டும். அவன் மண்டையைக் குடைய ஒரு கேள்வியும் அனுப்புகிறேன். சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை பனியுகங்கள் 41,000 ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தன. அப்புறம் ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை என்று மாறிவிட்டன. சுற்றுப்பாதையில் அப்போது புதிதாக எதுவும் மாறவில்லை. பிறகு ஏன் இப்படி? இதற்கு ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த விடை கிடையாது. அவனுக்கு என்ன தோன்றுகிறதோ எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நிச்சயம் பதில் எழுதுகிறேன்.